அடுத்தவர் சட்டையில் ஒரு பேஸ் கிட்டார்காரர்

எங்கள் ஊரில் கல்யாண வரவேற்பு, கடைத் திறப்பு, கம்பெனி ஆண்டு விழா என்று எதற்குக் கூப்பிட்டாலும் வந்து பாடுகிற குழுக்கள் மொத்தம் ஆறு. ஆறுக்கும் கம்பீரமான பெயர்கள் உண்டு. அவை யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. சட்டையை வைத்துத்தான் அடையாளம். நீலச்சட்டை, கறுப்புக் கோட்டு, பூச்சட்டை என்றால் ஊருக்கே தெரியும். பாடுகிற பாட்டு எல்லாருக்கும் ஒன்றுதான். யாரோ எப்போதோ மெட்டுப் போட்டு, வேறு யாரோ பாடிப் பெயர் வாங்கிய அதே நாற்பது பாட்டுகள். வித்தியாசமெல்லாம் தப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு பாட்டையும் தனக்கே உரிய முறையில் தப்பாக வாசிக்கும்.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நாலு பேர் பல வருஷம் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்தால் அதில் ஒரு கோணல் விழத்தான் செய்யும். குடும்பங்களே அப்படித்தான் நடக்கின்றன. கறுப்புக் கோட்டின் பாடகருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தபோது ஒரு பாட்டை ஒரு கட்டை இறக்கினார்கள். தொண்டை ஆறி எத்தனையோ காலமாகிவிட்டது, பாட்டு இன்னும் ஏறவில்லை. நீலச்சட்டைக்காரர்களின் மழைப் பாட்டில் முதல் சரணம் முடிந்ததும் எட்டு தாளத்துக்கு வாத்தியம் மட்டும் வரவேண்டும். ஒரு வரவேற்பில், சாப்பாடு தயார் என்று பெண் வீட்டார் கை காட்டியதைப் பார்த்த பாடகி, ஆறாவது தாளத்திலேயே பல்லவியை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர்களுக்கு அது ஆறுதான். சாப்பாடே போடாத விழாவிலும் ஆறுதான்.

இந்த ஆறு குழுவிலும் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டு, ஆறில் ஒன்றில்கூட உறுப்பினராக இல்லாத மனிதர் ஒருவர் இருந்தார். கறுப்புக் கோட்டின் பேஸ்காரருக்கு மூலம் தொந்தரவு கொடுத்தால் இவர் போவார். பூச்சட்டையின் பேஸ்காரர் கோபித்துக்கொண்டு போன மனைவியைச் சமாதானம் செய்ய மாமனார் வீட்டுக்குப் போனால் இவர் போவார். வண்டியில் மாற்றுச் சக்கரத்துக்கு என்ன பெயரோ அதையே இவருக்கும் வைத்துவிட்டார்கள்: ஸ்டெப்னி. அந்தச் சொல்லுக்கு ஊர்வாயில் சின்ன வீடு என்று இன்னொரு பொருளும் உண்டு. அதனால், ‘ஸ்டெப்னி வீட்டம்மா’ என்று தெருவில் மரியாதையாகக் கூப்பிட்ட ஒரு டிரம்ஸ்காரரை நோக்கி இவர் மனைவி செருப்பைக் கழற்றும்படி ஆகிவிட்டது. விளக்கம் சொன்ன பிறகு செருப்பு காலுக்குத் திரும்பியது, பார்வை மட்டும் திரும்பவில்லை.

பகலில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடை மனைவியின் அண்ணனுடையது. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பதும், காதுக்குப் பின்னால் உறுத்தாமல் கம்பியை வளைத்துக் கொடுப்பதும் இவர் பொறுப்பு. அவசரமாக ஆள் வேண்டும் என்று எந்தக் குழுவிலிருந்தாவது போன் வந்தால், மச்சான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, ‘போ மாப்ளே, ஊர்ல எல்லாருக்கும் கண்ணு தெரியுது, கடைக்கு யார் வரப்போறா’ என்று அனுப்பிவைப்பார். அதுதான் லீவு.

மாற்றாள் என்றால் பாட்டைத் தெரிந்துகொண்டு போனால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலுக்கு வந்ததில்லை, வந்தாலும் நிலைத்ததில்லை. ஒருமுறை வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். ஒவ்வொரு பாட்டையும் அசல் பதிவில் இருக்கிறபடி மணி மணியாக வாசித்தார். இருபது நிமிஷத்தில் குழுவே தடம் புரண்டது. பாடகி அழாத குறை. அவரை மறுபடி யாரும் கூப்பிடவில்லை. ஸ்டெப்னிக்கு இது முதலிலேயே பிடிபட்டுவிட்டது. மேடை ஏறும் முன் டிரம்ஸ்காரரைத் தனியாக அழைத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: “அண்ணே, இதுல உங்க தப்பு எங்க வருது?” இதுவரை ஒருவரும் கோபித்ததில்லை. பிள்ளைகளின் குறும்பைச் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்லுவார்கள்.

இதைவிட நுணுக்கமான கடமை ஒன்று உண்டு. வராதவரைவிட நன்றாக வாசித்துவிடக் கூடாது. கறுப்புக் கோட்டுக்காரர் எப்போதும் தாளத்துக்கு மயிரிழை பின்னால் வருவார், இவரும் வருவார். பூச்சட்டைக்காரர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் விரலை ஒரு இழுப்பு இழுப்பார், இவரும் இழுப்பார். நீலச்சட்டையின் பெரிய அண்ணன் நாலு சுரம் வாசிக்க வேண்டிய இடத்தில் இரண்டை வாசித்துவிட்டு, மிச்ச நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் பார்ப்பார். அவருக்குப் பதிலாகப் போகும் நாட்களில் இவரும் இரண்டை வாசித்துவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பார். அதனால்தான் ஊரில் உள்ள பேஸ்காரர்கள் எல்லாருக்கும் இவர்மேல் அப்படியொரு நம்பிக்கை. பஸ் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்குகிறோமே, அந்த நம்பிக்கை. துண்டு நம் இடத்தைக் காப்பாற்றும். தானே ஏறி உட்காராது.

துண்டுக்கும் ஆசை இருக்கும் என்று யார் யோசித்தார்கள்?

சட்டையும் வராதவருடையதுதான். பெரிய அண்ணனின் நீலச்சட்டையில் ஸ்டெப்னியும் அவர் மனைவியும் சேர்ந்து குடியிருக்கலாம். முதுகுப்பக்கம் மடித்து ஊக்கு குத்துவது மனைவியின் வேலை. பூச்சட்டைக்காரர் ஈர்க்குச்சி; அந்தச் சட்டையைப் போட்டால் மூச்சை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டேதான் பொறுத்தார். பொறுக்க முடியாதது கடைசிப் பாட்டுக்கு முன்னால் நடப்பதுதான். பாடகர் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துவார்: டிரம்ஸில் இன்னார், கீபோர்டில் இன்னார், பேஸ் கிட்டாரில் இன்னார். பழக்க தோஷத்தில் வராதவர் பெயரே வாயில் வந்துவிடும். இவர் ஒரு அடி முன்னால் வந்து, வராதவர் சார்பில் கும்பிட்டுவிட்டுப் பின்னால் போவார். ஒரு வரவேற்பில் முதல் வரிசையிலிருந்த கிழவர் ஒருவர், ‘நல்லா இளைச்சுட்டீங்க தம்பி, சர்க்கரையா?’ என்று அக்கறையோடு விசாரித்தார். ‘ஆமாங்க’ என்றார் ஸ்டெப்னி. வேறு என்ன சொல்வது?

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார், ஏதாவது ஒரு குழுவில் ஒரே ஒரு இடம், தனக்கென்று இருந்தால் போதும் என்று. பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கும் அந்த அம்மாள், வலியைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நாள் முழுக்கப் பார்ப்பவர். அது சும்மா சொன்ன பேச்சில்லை என்று அவருக்குப் புரிந்தது.

அப்படி இருக்கையில்தான் நீலச்சட்டைக் குழுவின் தலைவர் கடைக்கு வந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, கீபோர்டு வாசிப்பவர். கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்குகிறது என்று கழற்றிக் கொடுத்தார். ஸ்டெப்னி கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருக்கும்போது, எதிரே இருப்பது யார் என்றே சரியாகத் தெரியாத நிலையில் தலைவர் பேசினார்.

“பெரிய அண்ணன் பொண்ணு வீட்டோட போய் இருக்கப் போறாரு. இனிமே வரமாட்டாரு. சனிக்கிழமை மருந்துக் கம்பெனி ஆண்டு விழா இருக்கு, நீங்க வாங்க. ஆனா அண்ணன் மாதிரி வேண்டாம். நீங்க நீங்களா வாசிங்க. சரியா வந்தா இடம் உங்களுக்கு. வரலைன்னா வேற ஆள் பாக்கணும், மனசுல வெச்சுக்கக் கூடாது.”

ஸ்டெப்னியின் கை வளைத்துக்கொண்டே போனது. கம்பி கொக்கிபோல் ஆன பிறகும் வளைத்தது. “மாப்ளே,” என்றார் கல்லாவிலிருந்து மச்சான், “அதை அவர் காதுல மாட்டணும். கதவுல இல்ல.”

அன்று மாலையே வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. அப்போதுதான் விவகாரம் தெரிந்தது. தன்னைப் போல் வாசிக்க வேண்டும், சரி. தான் எப்படி வாசிப்போம் என்பது அவருக்குத் தெரியவில்லை. பதில் தெரிந்த ஒரே ஆள் மனைவிதான். சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல் அவர் தீர்ப்புச் சொன்னார். இது கறுப்புக் கோட்டு, பின்னாலேயே வருது. இது பூச்சட்டை, அந்த இழுப்பு. இது பெரிய அண்ணன், பாதியைக் காணோம். ஸ்டெப்னி விரலை மாற்றிப் பார்த்தார், பிடியை மாற்றிப் பார்த்தார், நின்று வாசித்தார், கட்டிலில் உட்கார்ந்து வாசித்தார். கடைசியில் ஒன்றை வாசித்துவிட்டு ஆவலோடு கேட்டார்.

“இது யாரு?”

மனைவி கொஞ்சம் யோசித்தார். “இது யாரு மாதிரியும் இல்லைங்க.”

ஸ்டெப்னியின் முகம் மலர்ந்தது.

“நல்லாவும் இல்லை,” என்றார் மனைவி, பட்டாணித் தோலை வழித்துப் போட்டபடி.

மறுநாள் கிட்டாரைக் கடைக்கே கொண்டுபோனார். ஆள் இல்லாத மதிய நேரத்தில் மச்சானை உட்கார வைத்து, ஒரே வரியை இரண்டு விதமாக வாசித்து, கண் பரிசோதனையில் கேட்கிற மாதிரி கேட்டார்: முதல்ல வாசிச்சது தெளிவா இருக்கா, ரெண்டாவது தெளிவா இருக்கா? மச்சான் கண்ணை மூடிக் கேட்டார். ரெண்டும் ஒண்ணுதான் என்றார். மறுபடி வாசித்தார். மச்சான் இந்த முறை ஒரு கண்ணை மட்டும் மூடிக் கேட்டுப் பார்த்தார். இப்பவும் ஒண்ணுதான் என்றார். அந்த வாரம் முழுவதும் கடைக்கு வந்தவர்களின் கண்ணாடியெல்லாம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதற்கு இதுதான் காரணம்.

வெள்ளிக்கிழமைக்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். யார் மாதிரியும் இல்லாமல் வாசிக்க ஒரே வழி, சரியாக வாசிப்பது. அசல் பதிவில் என்ன இருக்கிறதோ அது. ஊரில் அப்படி யாருமே வாசிக்காததால், அதைத் தன் சொந்த பாணி என்று சொல்லிக்கொள்வதில் தடையும் இல்லை. வெளியூர்க்காரரின் கதி அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆசை வரும்போது ஞாபகம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும்.

சனிக்கிழமை பெரிய அண்ணனின் சட்டையைத் தொடவில்லை. தன் அளவுக்கு ஒரு நீலச்சட்டை வாங்கியிருந்தார். மேடைக்குப் பின்னால், ஒயர் சுருள்களுக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவே வந்து நின்றபோதுதான் நீலத்தில் எத்தனை நீலம் உண்டு என்பது தெரிந்தது. மற்றவர்களுடையது மைநீலம். இவருடையது ஆஸ்பத்திரிச் சுவர் நீலம். தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். டிரம்ஸ்காரர், வழக்கமான கேள்விக்காகக் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். கேள்வி வரவில்லை.

“என்னப்பா, கேக்கலையா?”

“இன்னைக்கு வேண்டாம்ணே.”

டிரம்ஸ்காரர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

முதல் மூன்று பாட்டுகள் பழுதில்லாமல் போயின. அவற்றில் இருந்த தப்புகள் பாடகியுடையவை, பேஸுக்குச் சம்பந்தமில்லாதவை. கூட்டம் தட்டிலும் போனிலும் கவனமாக இருந்தது. நாலாவதாக மழைப் பாட்டு. சரணம் முடிந்தது. வாத்தியம் மட்டும் வரும் இடம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஸ்டெப்னி எட்டை நோக்கிச் சரியாகப் போய்க்கொண்டிருந்தார். ஆறாவதில் பாடகி பல்லவியை எடுத்தார். கீபோர்டு பாடகியோடு போனது. டிரம்ஸ்காரர் பேஸை நம்பியே காலமெல்லாம் ஓட்டியவர், அவர் ஸ்டெப்னியோடு நின்றார். ஒரு மேடையில் இரண்டு பாட்டு. இரண்டும் மழைப் பாட்டுதான். ஒன்றில் மழை பெய்துகொண்டிருந்தது, இன்னொன்றில் விட்டுவிட்டது.

பாடகி திரும்பி முறைத்தார், வாய் மூடியது. தலைவர் கையை எடுத்தார். டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியவர் தூக்கியபடி இருந்தார். ஸ்டெப்னி தந்திகளை உள்ளங்கையால் அமுக்கினார். சத்தமே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. யார் முதலில் தொடங்குவது என்று மேடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. இடம் போய்விட்டது என்பது மட்டும் ஸ்டெப்னிக்குத் தெளிவாகத் தெரிந்தது. போனது போகட்டும், பாட்டாவது பிழைக்கட்டும் என்று, அடித் தந்தியை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அந்த ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் ஒன்றாகப் பல்லவியில் வந்து விழுந்தார்கள்.

கூடம் கைதட்டியது. கரண்டி வைத்திருந்தவர்கள் கரண்டியால் தட்டினார்கள்.

ஸ்டெப்னிக்கு அது காதில் ஏறவில்லை. மிச்சப் பாட்டுகளைப் பெரிய அண்ணன் மாதிரியே, நாலுக்கு இரண்டாக வாசித்து முடித்தார். சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் பார்க்கக்கூட மனமில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து கிட்டாரை உறையில் வைத்து, ஜிப்பை இழுத்து, தலைவர் முன்னால் போய் நின்றார். மன்னிப்பை மனதுக்குள் கோத்து வைத்திருந்தார். தலைவர் வாயைத் திறந்தார். அதற்குள் மருந்துக் கம்பெனியின் மேலாளர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

அந்த மழைப் பாட்டில் நடுவில் நிறுத்தினார்களே, தனக்குப் புல்லரித்துவிட்டது என்றார் மேலாளர். எத்தனையோ குழு கேட்டிருக்கிறேன், அந்த இடத்தில் நிறுத்த ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை என்றார். அடுத்த வருஷமும் நீங்கள்தான் என்றார்.

காப்பீட்டு அலுவலகம் மனிதனை எதற்கும் தயார் செய்துவிடும். தலைவர் இமைகூட அசையாமல் சொன்னார்: “அதுக்கு மட்டும் மூணு மாசம் உழைச்சோம் சார்.”

மேலாளர் போனார். பாடகி தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எதுக்குங்க எட்டு வாசிச்சீங்க?” என்றார்.

“அதுதாங்க சரி.”

“சரின்னு எனக்கும் தெரியும். சரியானதை எங்ககிட்ட யாரு கேட்டா?”

ஸ்டெப்னி தலையைக் குனிந்துகொண்டார். டிரம்ஸ்காரர் குச்சிகளைப் பைக்குள் போட்டபடி குறுக்கே புகுந்தார். “விடுங்க தலைவரே. ஆறுல எடுக்கறது இந்தம்மாவோட தப்பு. அந்தக் கடைசிப் பாட்டுல ரெண்டு தடவை ஒரே இடத்தைச் சுத்தறது உங்க தப்பு. என் தப்பைப் பத்தி நான் பேசலை, அது ஊருக்கே தெரியும். அத்தனையும் சேர்ந்துதான் குழு. இன்னைக்கு இவருக்கும் ஒண்ணு விழுந்துருச்சு. அடுத்த வருஷம் அந்த மேலாளர் அதைக் கேட்டு வருவாரு. அதை வாசிக்க வேற யாரைக் கூட்டிட்டு வருவீங்க?”

தலைவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்துடுங்க,” என்றார். “சட்டைக்கு என் வீட்டுப் பக்கத்துத் தையல்காரர்கிட்ட அளவு குடுத்துடுங்க. இந்தச் சட்டையை இனிமே எங்கேயும் போட்டுட்டு வராதீங்க.”

பயிற்சி நடப்பது தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில். கார் தெருவில் நிற்கும். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருக்கிறார்கள். சத்தம் போகத்தான் செய்கிறது. மாற்றாளாக வந்த நாட்களில் ஸ்டெப்னிக்கு அங்கே ராஜ மரியாதை. மின்விசிறிக்கு நேர் எதிர் நாற்காலி, முதல் டம்ளர் தேநீர், வாங்க, உட்காருங்க, உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டோம் என்ற உபசாரம். செவ்வாய்க்கிழமை அவர் போனபோது அந்த நாற்காலியில் பாடகியின் பை உட்கார்ந்திருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. தேநீர் கடைசியாகத்தான் வந்தது, அதுவும் ஆடையோடு. ஸ்டெப்னி கவிழ்த்துப் போட்ட ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

மழைப் பாட்டை எடுத்தார்கள். நடுவில் நிறுத்தம் எத்தனை தாளத்துக்கு என்பதில் தகராறு வந்தது. அன்றைக்கு இரண்டு தாளம்தான் நின்றது என்றார் ஸ்டெப்னி. நாலு என்றார் டிரம்ஸ்காரர். தன் கல்யாணத்திலிருந்து வீட்டுக் கடன்வரைக்கும் எல்லாம் கண்முன்னால் வந்துபோகிற அளவுக்கு நின்றது, எட்டுக்குக் குறையாது என்றார் தலைவர். பாடகி, எத்தனையாவது இருந்துவிட்டுப் போகட்டும், தனக்கு யாராவது தலையாட்டிக் காட்டினால் போதும் என்றார். அடுத்தவர் இடத்தில் நிற்கிற ஆளாக இருந்த காலத்தில், பன்னிரண்டு என்று சொல்லியிருந்தாலும் ஸ்டெப்னி தலையாட்டியிருப்பார். அன்று அவர் எழுந்து நின்றார். நிறுத்தினது நான், எனக்குத் தெரியாதா எத்தனை என்று கேட்டார். குரல் முட்டை அட்டைகளைத் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று சாத்தப்பட்டது.

தலைவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். “ஒரு தடவை தப்பு பண்ணிட்டு இந்த ஆட்டம் ஆடறியே. பெரிய அண்ணன் இத்தனை வருஷம் இருந்தாரு, ஒரு நாள் எதிர்த்துப் பேசினது கிடையாது. உன்னைச் சேர்த்ததுதான்யா நான் செஞ்ச மொத தப்பு. ரெண்டுன்னா ரெண்டு, வாசிச்சுத் தொலை.”

வாசித்தார்கள். இரண்டு தாளம் நின்று ஒன்றாக விழுந்தது. யாரும் பாராட்டவில்லை, அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெப்னி கிட்டாரை இறக்கி வைக்காமல், வாசற்படியிலேயே நின்று, முகமெல்லாம் சிரிப்பாகச் சேதி சொன்னார்.

“இன்னைக்கு என்னைத் திட்டினாங்க.”

மனைவி கரண்டியை வைத்துவிட்டு வந்தார். “யாரு, அந்தக் கண்ணாடிக்காரரா? உங்களையா?”

“என்னையேதான். எல்லார் முன்னாலயும்.”

“என்னன்னு திட்டினார்? சும்மா மொத்தமா சொல்லாதீங்க, அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

அவர் சொன்னார். தலைவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்த விதத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு சொல் விடாமல் சொன்னார். ‘வாசிச்சுத் தொலை’ என்ற இடம் வந்ததும் மனைவி மறுபடி சொல்லச் சொன்னார். அந்தச் சமயம் பார்த்து, கடைச் சாவியை வாங்கிப் போக மச்சான் வந்தார். அவருக்காக முதலிலிருந்து இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. சாதம் ஆறிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.